செவிநரம்புக் கட்டி ஒப்பரேசன்: கட்டியோடு சேர்த்து நாளத்தையும் பாருங்கள்

அத்தானுக்கு வலது காதுப் பக்கம் கட்டி என்று தெரிந்த கிழமை, கோண்டாவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் பத்துப் பேர் கூடியிருந்தோம். கொழும்பில் பார்த்த நியூரோசேர்ஜன், "கட்டி எடுக்கக்கூடிய கட்டிதான், ஆனால் இவருக்கு ஜுகுலர் நாளம் மேலே ஏறி இருக்கிறது, அதுதான் யோசிக்க வைக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அத்தான் அதை வீட்டில் சொன்ன விதம்: "நரம்பு மேல ஏறிட்டுதாம்." பெரியம்மா உடனே, "அப்ப ஒருக்கா நல்லெண்ணெய் போட்டு உருவி விட்டால் இறங்காதோ?" என்று கேட்டா. சிரிக்க வேண்டாம், அந்த நேரம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிழை பெரியம்மாவிடம் இல்லை. நாங்கள் கதைக்கும் போது எல்லாமே நரம்புதான். கையில் நீலமாகத் தெரிவதும் நரம்பு, ஊசி ஏற்றும் தாதி "நரம்பு பிடிபடுதில்லை" என்று சொல்வதும் நரம்பு, முதுகில் இழுத்தால் அதுவும் நரம்பு. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்: இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம், செய்தி கடத்துவது நரம்பு. இந்த ஒப்பரேசனில் கட்டி இருப்பது நரம்பில். அந்தக் கட்டிக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது நாளம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் டொக்டர் சொல்வதில் பாதி விளங்காது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் இது, நாங்கள் மூன்று சொல்லைப் பிரித்துச் சொல்லக் கஷ்டப்படக் கூடாது.

நான் வைத்தியர் இல்லை. ரேடியோகிராஃபராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். படம் எடுக்கத் தெரியும், படத்தில் எது எங்கே என்று தெரியும், அத்தானோடு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்றரை வருடம் அலைந்ததில் மிச்சத்தைப் படித்துக்கொண்டேன். முடிவு எடுப்பது உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் சொல்வது விளங்கவும், சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவும்.

படி 1: கட்டி எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளையிலிருந்து நேரே வெளிக்கிடும் 12 சோடி நரம்புகளில் 8ஆவது, கேட்பதற்கும் உடம்பின் சமநிலைக்கும் உரியது. கட்டி பெரும்பாலும் சமநிலைப் பகுதியின் உறையில் உள்ள ஷ்வான் கலங்களில்தான் தொடங்குகிறது. அதனால்தான் அக்கூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரை விட்டு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று இப்போது எழுதுகிறார்கள். ரிப்போட்டில் இரண்டு பெயரையும் கண்டால் இரண்டு வருத்தம் என்று பயப்பட வேண்டாம். இது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும், பலருக்குப் பல வருடம் வளராமலே கிடக்கும். வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

அத்தானுக்கு முதலில் தெரிந்தது, டெலிபோனை வலது காதில் வைத்தால் சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்பது. பிறகு இரைச்சல், கிணற்றடியில் திரும்பும் போது ஒரு தள்ளாட்டம். ஒரு காதில் மட்டும் இப்படி வந்தால் காதுக் குடுமி (அழுக்கு) என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள்.

எட்டாம் நரம்பு, காதெலும்புக்குள் (காதைச் சுற்றியுள்ள மண்டையோட்டு எலும்பு) ஒரு சென்ரிமீற்றர் அளவுள்ள சின்னக் குழாய்க்குள்ளால் போகிறது. முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பும் அதே குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது. கட்டி குழாய்க்குள் தொடங்கி, வெளியே மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் இடையிலுள்ள மூலைக்குள் பிதுங்கும் (மூளி என்று பாடத்தில் படித்தோமே, அதுதான் சிறுமூளை). சின்னதாக இருந்தால் வருடா வருடம் ஸ்கான் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது வெட்டி எடுக்கலாம். வெட்டி எடுப்பது என்று முடிவான ஆட்களுக்குத்தான் இனி வருவதெல்லாம்.

படி 2: மூளையின் வடிகாலை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளம் வயலையும் குளத்தையும் கடந்து அராலியில் கடல்நீரேரிக்குள் விழுகிறது. இப்போது அந்த வழியில் ஓர் இடத்தில் மண் போட்டு மறித்துவிட்டால் என்ன நடக்கும்? வேறு வாய்க்கால் இருந்தால் வெள்ளம் அதால் போகும், இல்லாவிட்டால் மேலே உள்ள வளவெல்லாம் தண்ணீர் நிற்கும். மூளையிலும் அதுவேதான். நாடி அடைபட்டால் அந்த இடத்துக்கு இரத்தம் வராது, நாளம் அடைபட்டால் வந்த இரத்தம் போக வழியில்லாமல் தேங்கி மூளை வீங்கும், சிலவேளை கசிந்து இரத்தமும் கட்டும்.

மூளையின் கழிவிரத்தம் சைனஸ் எனப்படும் பெரிய வாய்க்கால்களில் சேர்கிறது. (மூக்கடைப்புச் சைனஸோடு இதைக் குழப்ப வேண்டாம், எங்கள் அக்கா குழப்பி, ஆவி பிடிக்கச் சொன்னா.) தலையின் பின்பக்கத்தில் எல்லாம் ஒரு சந்தியில் கூடி, அங்கிருந்து இடதும் வலதுமாகக் குறுக்குச் சைனஸ் என்று பிரிகிறது. ஒவ்வொன்றும் காதுக்குப் பின்னால் வந்து, எஸ் எழுத்து மாதிரி வளைந்து கீழிறங்கும் போது சிக்மொயிட் சைனஸ் என்று பெயர் மாறுகிறது. அது மண்டையோட்டின் அடியில், நடுக்காதுக்குக் கீழே, ஒரு குமிழ் மாதிரி மேல்நோக்கி எழும்பித் திரும்பிக் கழுத்துக்குள் இறங்குகிறது. அந்தக் குமிழ்தான் ஜுகுலர் பல்ப், அதற்குக் கீழே ஓடுவது உள் ஜுகுலர் நாளம்.

அதாவது, கட்டி இருக்கும் காதெலும்பைப் பின்னாலும் கீழாலும் பெரிய வாய்க்கால் ஒன்று சுற்றிக்கொண்டு போகிறது. மேலாலும் சின்னதாக ஒன்று, சுப்பீரியர் பெட்ரோசல் சைனஸ். கட்டிக்கு எந்தப் பக்கத்தால் போனாலும் இவற்றில் ஒன்றோடு உரசித்தான் போக வேண்டும்.

படி 3: உங்களுக்கு எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

முகம் ஆளுக்கு ஆள் மாறுவது மாதிரித்தான் நாளமும். நாடிகள் ஓரளவு புத்தகத்தில் வரைந்தபடி இருக்கும், நாளங்கள் தங்கள் பாட்டுக்கு இருக்கும். இது வருத்தம் இல்லை, பிறந்த அமைப்பு, ஒப்பரேசன் என்று வராவிட்டால் சாகும்வரை தெரியவே வராது.

முதலாவது பார்க்க வேண்டியது எந்தப் பக்கம் பெரியது என்பது. பெரும்பாலானவர்களுக்கு வலது பக்க வாய்க்கால் பெரிது, இடது மெலிந்தது. சிலருக்குச் சமன். சிலருக்கு ஒரு பக்கம் நூல் மாதிரி, இன்னும் சிலருக்கு ஒரு பக்கக் குறுக்குச் சைனஸ் ஒரு துண்டு இல்லவே இல்லை. கட்டி இருக்கும் பக்கம்தான் பெரிய வாய்க்கால், மற்றப் பக்கம் நூல் என்றால் அந்த ஆளுக்கு வடிகால் ஒன்றுதான், அதை அழுத்தவோ கிழிக்கவோ அடைக்கவோ இடமில்லை. அதே கட்டி மெலிந்த பக்கத்தில் இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. ஒரே அளவுக் கட்டி, ஒரே வயது ஆட்கள் இரண்டு பேருக்கு ஒப்பரேசன் ஏன் வேறு வேறு மாதிரிச் செய்கிறார்கள் என்று கேட்டால், காரணம் பலமுறை இங்கேதான் இருக்கும். என்னைக் கேட்டால் கட்டி எத்தனை சென்ரிமீற்றர் என்பதற்கு அடுத்ததாக நீங்கள் அறிய வேண்டிய விசயம் இதுதான்.

இரண்டாவது, அந்தக் குமிழ். பிறந்த குழந்தைக்கு இது உருவாகியிருக்காது, பிள்ளை எழும்பி நடக்கத் தொடங்கிய காலத்துக்குப் பிறகுதான் மெல்ல மெல்ல எழும்புகிறது. சிலருக்கு அது எழும்பி எழும்பி, எட்டாம் நரம்பு போகும் குழாயின் அடிமட்டம்வரை, அதற்கும் மேலே, வந்து நிற்கும். இதைத்தான் "உயர்ந்த ஜுகுலர் பல்ப்" என்று எழுதுவார்கள். வலது பக்கத்தில்தான் கூடுதலாகக் காணலாம், பெரிய வாய்க்கால் அந்தப் பக்கம் என்பதால். சிலருக்குக் குமிழின் மேலே இன்னொரு சின்னப் பிதுக்கம் இருக்கும், சிலருக்குக் குமிழை மூடும் எலும்பு ஓரிடத்தில் இல்லாமலே போயிருக்கும். எலும்பு இல்லாத இடத்தில் டிரில் பட்டால் நேரே நாளம்தான். எவ்வளவு உயரம் என்றால் "உயர்ந்தது" என்பதில் ரிப்போட் எழுதுபவர்களுக்குள் ஒரே அளவுகோல் இல்லை, அதனால் அந்தச் சொல்லை மட்டும் பார்க்காமல், குழாயின் அடிக்கும் குமிழின் உச்சிக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள்.

மூன்றாவது, சிக்மொயிட் சைனஸ் எவ்வளவு முன்னுக்கு வந்திருக்கிறது என்பது. வெளிக்காதின் குழாய்க்கும் சைனஸுக்கும் இடையில் உள்ள எலும்புதான் சில வழிகளில் வாசல். சைனஸ் முன்னுக்கு வந்திருந்தால் வாசல் ஒடுங்கிவிடும்.

பிறகு சின்னவை. காதுக்குப் பின்னால் எலும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே உள்ள சைனஸையும் வெளியே தோலடி நாளங்களையும் இணைக்கும் எமிசரி நாளம் ஒன்று இருக்கிறது. சிலருக்கு நூலளவு, சிலருக்குப் பென்சில் கூர் அளவு, சிலருக்கு ஒன்றுக்கு மேல். சிறுமூளையின் முன்பக்கத்தையும் மூளைத்தண்டின் ஓரத்தையும் வடிக்கும் டான்டி நாளம் இன்னொன்று. அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டான்டியின் (1886–1946) பெயரால் அழைக்கிறார்கள். அது ஒரே தண்டாகவும் இருக்கும், இரண்டு மூன்று கிளையாகவும் இருக்கும். கடைசியாக லாபே நாளம், காதுக்கு மேலேயுள்ள மூளைப் பகுதியை வடித்துக் குறுக்குச் சைனஸில் விழுவது. அது விழும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும்.

படி 4: மூன்று வாசல்கள், ஒவ்வொன்றிலும் வேறு நாளம் காவல்

காதுக்குப் பின்னால் போகும் வழி. ரெட்ரோசிக்மொயிட் என்று எழுதியிருப்பார்கள், அதாவது சிக்மொயிட் சைனஸுக்குப் பின்னால். நியூரோசேர்ஜன்மாருக்கு மிகவும் பழகிய வழி, பெரிய கட்டிக்கும் சின்னக் கட்டிக்கும் உதவும், கேட்கும் சக்தியைக் காப்பாற்றவும் முயலலாம். எலும்பை வெட்டும் போதே குறுக்குச் சைனஸும் சிக்மொயிட் சைனஸும் சந்திக்கும் மூலையைத் திறந்துகொண்டு வர வேண்டும். அந்த மூலை எங்கே என்று வெளியில் எலும்புப் பொருத்துகளை வைத்து மதிப்பிடுவது பழைய முறை, ஆனால் பொருத்தும் சைனஸும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பொருந்துவதில்லை, அதனால்தான் ஸ்கானைக் கணினியில் ஏற்றி வழிகாட்டும் நவிகேஷன் உதவுகிறது. எமிசரி நாளம் பெரிதாக இருந்தால் முதல் இரத்தக் கசிவு அதிலிருந்துதான்.

இந்த வழியில் உயர்ந்த குமிழ் பிரச்சினை தருவது கடைசிக் கட்டத்தில். வெளியே உள்ள கட்டியை எடுத்த பிறகு, குழாய்க்குள் கிடக்கும் மிச்சத்தை எடுக்க அதன் பின்சுவரை டிரில் பண்ணித் திறக்க வேண்டும். குமிழ் அந்தச் சுவருக்குள் ஏறி நின்றால் முழுக்கத் திறக்க முடியாது. டிரில் பண்ணுவதைக் குறைத்து, எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு எட்டிப் பார்த்து எடுப்பது ஒரு வழி, குழாயின் அந்தத்தில் ஒரு துளியை விட்டுவிட்டுப் பிறகு எம்.ஆர்.ஐ.யில் கண்காணிப்பது இன்னொரு வழி. அத்தானுக்கு இரண்டும் கலந்துதான் நடந்தது.

டான்டி நாளம் கட்டியின் மேல் ஓரத்தில் நிற்கும். பார்வையை மறைத்தால், இழுபட்டு அறுந்துவிடும் போலிருந்தால், அதைச் சுட்டு வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு பாடுபட்டாலும் காப்பாற்ற வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை, மற்றக் கிளைகள் சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஒரே தடித்த தண்டாக இருந்து, வேறு துணை இல்லாத ஆளுக்கு வெட்டினால் சிறுமூளை வீங்கலாம். அபூர்வம், வந்தால் ஆபத்து. வாய்க்கால் கட்டித் தோட்டம் செய்தவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை: எந்தக் கிளையை மறித்தால் எந்தத் தறை நனையும் என்று பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை வைப்பான்.

காதெலும்புக்குள்ளால் போகும் வழி. ட்ரான்ஸ்லபிரிந்தைன். சமநிலை உறுப்பையே டிரில் பண்ணி எடுத்துவிட்டுப் போவதால் அந்தக் காது கேட்காது, ஆகவே ஏற்கெனவே கேட்காமல் போனவர்களுக்குத்தான் பொதுவாக இதைச் சொல்வார்கள். லாபம், சிறுமூளையை இழுத்துப் பிடிக்கத் தேவை குறைவு, முக நரம்பைக் குழாயின் அந்தத்திலேயே கண்டுகொள்ளலாம். நாளத்தின் மாறுபாடு கூடுதலாகக் கழுத்தைப் பிடிப்பது இந்த வழியில்தான். ஏனென்றால் வாசலின் பின்சுவர் சிக்மொயிட் சைனஸ், நிலம் அந்தக் குமிழ், கூரைப் பக்கம் சுப்பீரியர் பெட்ரோசல் சைனஸ். சைனஸ் முன்னுக்கு, குமிழ் மேலே என்று இரண்டும் சேர்ந்தால் ஒழுங்கைக்குள் லொறி விட்ட கதை.

முடியாது என்று அர்த்தமில்லை. சைனஸின் மேலுள்ள எலும்பை மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு அதைப் பின்னுக்கு அமர்த்திப் பிடிப்பார்கள். அமர்த்தும் கருவி சைனஸைக் கிழிக்காமல் இருக்க அதன்மேல் மெல்லிய எலும்புத் துண்டு ஒன்றைத் தீவு மாதிரி விட்டுவைக்கும் பழக்கம் உண்டு, இந்த வழியை 1960களில் நுணுக்குக்காட்டியோடு வளர்த்தெடுத்த வில்லியம் ஹவுஸின் பெயரால் (வில்லியத்தைச் சுருக்கினால் பில்) பில்லின் தீவு என்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு வரிசையில் எனக்கு இது ஒரு புதுத் தீவு. குமிழையும் அதைச் சுற்றியுள்ள எலும்பை நீக்கிய பின் எலும்பு மெழுகு வைத்துக் கீழே தள்ளி இறக்கலாம். ஆனால் அமர்த்தினால், தள்ளினால், அந்த வாய்க்கால் ஒடுங்கும். படி 3இல் சொன்ன ஒற்றை வடிகால் ஆளுக்கு மணிக்கணக்காக ஒடுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இங்கேதான் நாளப் படம் வழியையே மாற்றிவிடும்.

மேலால் போகும் வழி. மிடில் ஃபொஸா. குழாய்க்குள்ளேயே இருக்கும் சின்னக் கட்டிக்கு, கேட்கும் சக்தியைக் காப்பாற்றுவதற்கு. காதுக்கு மேலே மண்டையோட்டைத் திறந்து மூளையின் பக்கப் பகுதியை மெல்ல உயர்த்துவார்கள். குமிழ் இங்கே பெரிதாகத் தொந்தரவு தராது, லாபே நாளம் இழுபடுவதுதான் பயம். இடது பக்கம் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அந்தப் பக்கத்து மூளையில் இருப்பதால், அங்கே வீக்கம் வந்தால் சொல் வராமல் போகலாம்.

படி 5: சரியான ஸ்கானைச் சரியான மாதிரி எடுங்கள்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் கூடக் கதைப்பேன்.

கட்டியைக் காட்டுவது மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. எலும்பையும் குமிழையும் காட்டுவது காதெலும்புக்கு என்று எடுக்கும் மெல்லிய துண்டு சி.ரி. ஸ்கான், ஒரு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ. சாதாரணத் தலை சி.ரி. இதற்குப் போதாது. நாளத்தைக் காட்டுவது வெனோகிராம், அதை எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கலாம், சி.ரி.யிலும் எடுக்கலாம்.

எம்.ஆர். வெனோகிராமை மருந்து இல்லாமலும் எடுக்கிறார்கள். அது ஓடும் இரத்தத்தைத்தான் படமாக்கும். மெதுவாக ஓடினால், வாய்க்கால் படத்தின் தளத்தோடு சமாந்தரமாக ஓடினால், அங்கே இரத்தம் இருந்தும் படத்தில் வெறுமையாக விழும். மெலிந்த இடது சைனஸ் இப்படிப் படத்தில் "இல்லை" என்று வருவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். குமிழுக்குள் இரத்தம் சுழல்வதால் அங்கேயும் கட்டி மாதிரியோ உறைவு மாதிரியோ நிழல் விழும். ஆகவே ஒரு பக்கம் இல்லை என்று ரிப்போட் வந்தால், அதை வைத்து முடிவு எடுக்க முன் மருந்து ஏற்றிய வெனோகிராம் தேவையா என்று கேளுங்கள்.

பிறவியில் மெலிந்ததா, இடையில் அடைபட்டதா என்று அறிய எலும்புச் சி.ரி. நல்ல சாட்சி. சைனஸ் எலும்பில் பதிந்து ஓடும் பள்ளமும், ஜுகுலர் நாளம் வெளியேறும் துவாரமும் அந்தப் பக்கம் சிறிதாக இருந்தால் வாய்க்கால் பிறந்ததிலிருந்தே சிறிது. பள்ளம் பெரிதாக இருந்து இரத்த ஓட்டம் மட்டும் தெரியாவிட்டால் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். வெள்ளம் ஓடாத வாய்க்காலின் அகலத்தைப் பார்த்து முந்தி எவ்வளவு ஓடியது என்று சொல்வது மாதிரி.

மருந்து ஏற்ற முன் சிறுநீரகம் எப்படி என்று கிரியற்றினின் பார்க்க வேண்டும். சலரோகம், பிரசர், சிறுநீரகப் பிரச்சினை, முந்தி ஊசி மருந்து ஒவ்வாமை, மெட்போமின் குளிசை, உடம்புக்குள் உலோகம், கர்ப்பம், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இனி எங்களுக்கு நடந்தது. தனியார் இடம் ஒன்றில் காசு கட்டி சி.ரி. எடுத்தோம். கையில் தந்தது பெரிய பிலிமும், ஐந்து மில்லிமீற்றர் துண்டுகள் மட்டும் ஏற்றிய டிஸ்க்கும். தொழில் தெரிந்த நானே அன்று அதைத் திறந்து பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினேன், அது என் மடைத்தனம். கொழும்பில் டொக்டர் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் குமிழின் எலும்பு தெரியவில்லை" என்றார். எடுத்த இடத்துக்கு அடித்துக் கேட்டால் மெல்லிய துண்டுகளை அழித்துவிட்டார்களாம். திரும்ப எடுக்க வேண்டி வந்தது. ஆகவே வெளிக்கிட முன்பே கேளுங்கள்: "மெல்லிய துண்டு எல்லாத்தையும் டிஸ்க்கில ஏத்தித் தாங்கோ." ரிப்போட் கடுதாசியை மட்டும் வைத்து ஒப்பரேசன் திட்டம் போட ஏலாது. டிஸ்க்கை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள்.

படி 6: டொக்டருக்கு முன்னால் இருக்கும் போது

சனல் பண்ணிப் போனால் கிடைப்பது பத்து நிமிடம், கிளினிக்கில் அதுவும் இல்லை. ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்டவை இவை: கட்டி இருக்கும் பக்கம்தான் பெரிய சைனஸா, மற்றப் பக்கம் தனியாகச் சமாளிக்குமா? குமிழ் குழாய்க்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது? நீங்கள் தெரிந்தெடுத்த வழிக்கு அது காரணமா? முழுக்க எடுக்க முடியாவிட்டால் எங்கே விடுவீர்கள்?

அத்தான் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயந்தார், அக்கா கேட்டா. "டொக்டர், கொஞ்சத்தை விட்டால் திரும்ப வளராதோ?" அவர் பொறுமையாகச் சொன்னார், "வளரலாம், வளராமலும் விடலாம் அம்மா. அது மெதுவாத்தான் வளரும், எங்களுக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்கு. ஆனால் முக நரம்பையோ இந்தப் பெரிய நாளத்தையோ உடைச்சால் அடுத்த நாள் காலமையே தெரியும்." முழுக்க எடுத்துத் தாருங்கள் என்று பிடிவாதம் பிடிக்கும் சொந்தக்காரருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அஸ்பிரின், இரத்தம் உறையாமல் குடிக்கும் குளிசை, குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை, முந்தி காலில் இரத்தம் உறைந்த கதை, குடும்பத்தில் உறைவு வருத்தம், இவற்றையும் சொல்ல வேண்டும். நாளம் உறையும் வாய்ப்பை இவை கூட்டும் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

படி 7: தியேட்டருக்குள் என்ன நடக்கிறது

இதை அறிந்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் வெளியே வாங்கில் இருக்கும் எட்டு ஒன்பது மணித்தியாலத்துக்கு விளக்கம் தேவைப்படும்.

தலையை அதிகம் முறுக்கினால் கழுத்து நாளம் நசியும், அதனால் உடம்பையும் சேர்த்துச் சரித்து வைப்பார்கள். தலை இதயத்தைவிட உயர்ந்து இருக்கும் போது திறந்த நாளம் காற்றை உறிஞ்சக்கூடும், அந்தக் காற்று இதயத்துக்குப் போவது ஆபத்து. இருந்த நிலையில் செய்யும் ஒப்பரேசனில் இந்தப் பயம் கூட. அதனால் மயக்க மருந்து நிபுணர் மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டைக் கவனித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று இறங்கினால் சத்திரசிகிச்சை நிபுணர் காயத்தைச் சேலைன் விட்டு நிரப்பித் துவாரத்தைத் தேடி மூடுவார். எமிசரி நாளத்தின் எலும்புத் துவாரத்தை மெழுகால் அடைப்பார்கள். சைனஸ் கிழிந்தால் வெளியிலிருந்து மெல்ல அமர்த்தி, இரத்தம் உறையச் செய்யும் துணி மாதிரியான பொருளால் மூடுவார்கள், உள்ளே திணிப்பதில்லை, திணித்தால் வாய்க்காலே அடைபட்டுவிடும்.

அத்தானின் கட்டி 2.8 சென்ரிமீற்றர். வலது பக்கம் பெரிய சைனஸ், இடது மெலிவு, குமிழ் மேலே, சிக்மொயிட் முன்னுக்கு. காது ஏற்கெனவே போனபடியால் எலும்புக்குள்ளால் போகும் வழிதான் சரி என்று முதலில் நினைத்தார்கள், வெனோகிராம் வந்த பிறகு காதுக்குப் பின்னால் என்று மாற்றினார்கள். குழாயின் அந்தத்தில் ஒரு துளி விடப்பட்டது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

ஒப்பரேசன் பக்கத்துச் சைனஸில் உறைவு வருவது நடக்கக்கூடியது. பலருக்கு அறிகுறியே இல்லாமல் ஸ்கானில் மட்டும் தெரியும், மற்றப் பக்கம் நல்ல வாய்க்காலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மெலிந்திருந்தால் அதே உறைவு தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். உறையாமல் செய்யும் மருந்து கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பது பெரிய தலையிடி, புதுக் காயம் இரத்தம் கசியும் பயம் இருப்பதால். அதை அவர்களிடமே விடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: நாளுக்கு நாள் கூடும் தலையிடி, அதுவும் படுத்தால் கூடினால், வாந்தி, பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிதல், தூங்கி வழிதல், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. மூக்கால் தண்ணீர் மாதிரி வடிந்தால், குனியும் போது கூடினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது தடிமன் இல்லை, மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். தலைக்குள் அழுத்தம் கூடினால் அந்தக் கசிவும் அடங்காது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஒப்பரேசன் குறிப்பும் டிஸ்க்கும் கையில் இருக்கட்டும்.

தையல் வெட்டிய உடனே ஊருக்கு வர அவசரப்பட வேண்டாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இடையில் வில்பத்துக் காட்டுப் பக்கத்தில் நடுச்சாமத்தில் வலிப்பு வந்தால் யாரிடம் போவது? நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து மேலும் ஒரு கிழமை நின்றோம். வந்தது யாழ்தேவியில், இடையிடையே எழுப்பி நடக்க வைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டு. உடம்பு வறண்டால் இரத்தம் தடிக்கும், ஒண்டுக்குப் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பழக்கம் இந்த ஆட்களுக்கு ஆகாது.

அத்தானுக்கு முகம் முதலில் ஒரு பக்கம் கொஞ்சம் சோர்ந்திருந்தது, நாலு மாதத்தில் திரும்பியது. கண் முழுக்க மூடாத காலத்தில் இரவில் களிம்பு போட்டுக் கண்ணை ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். வலது காது இல்லை, அதனால் அவருக்கு இடது பக்கம் இருந்துதான் கதைக்க வேண்டும். விட்ட துளியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பழைய படத்தையும் கொண்டுபோக வேண்டும், புதுப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல ஏலாது. டிஸ்க்குகள் எல்லாம் அக்காவின் அலுமாரியில் காணி உறுதிகளோடு ஒரே பையில் இருக்கின்றன.